நாலாவது பெட்டி

— அதையும் பண்ணிட்டேன் ஜோசெட். பிளக்கைப் பிடுங்கினேன், முப்பது வரைக்கும் எண்ணினேன், திரும்பச் சொருகினேன். பத்து நிமிஷம் நல்ல பிள்ளையா இருந்துச்சு. அப்புறம் பொசுக்குன்னு போயிடுச்சு.

— ரைட்டு. எந்தப் பெட்டியோட பிளக்கை, முரியெல்?

— மூணுலயும்தான். அடுப்படியில ஒண்ணு, மாடிப்படி மேல ஒண்ணு, இந்தத் தையல் ரூம்ல ஒண்ணு. உங்க கடையில வாங்கினதுதானே! வீடு பூரா வலை விரிச்ச மாதிரி வைஃபை இருக்கும்னு சொல்லித்தான் உங்கப்பா என் தலையில கட்டினாரு. விரிச்ச வலையில ஓட்டை.

— ஓட்டை எப்பல இருந்து?

— ரெண்டு வாரமா. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் ஒரு குறை சொல்ல முடியாது. போன வியாழக்கிழமை என்ன ஆச்சு தெரியுமா? இன்டர்நெட்ல பிங்கோ நடந்துட்டு இருக்கு, எண் கூப்பிடுறது நான். அறுபது பேர் அவங்கவங்க வீட்டுல உக்காந்து அட்டையில எண்ணை அடிச்சு ஆடுறாங்க. பாதிப் பேரு இந்தப் பனியில வாசலைத் தாண்ட முடியாதவங்க. இடுப்பு, முட்டி, மூச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு. நான் “ஓ-வில அறுபத்தெட்டு”ன்னு வாயைத் திறக்கிறேன், திரை உறைஞ்சு போச்சு. திறந்த வாய் திறந்தபடி, கரையில போட்ட மீன் மாதிரி நான். திரும்ப வர்றதுக்குள்ள ரெண்டு பேர் பிங்கோன்னு கத்திட்டாங்க. பரிசு ஒரே ஒரு பன்றித்தொடை.

— ஐயையோ. என்ன பண்ணீங்க?

— ரம்பம் எடுத்து ரெண்டா அறுத்தேன். எலும்பு யாரு பக்கம் போச்சுன்னு இன்னமும் புகைஞ்சுட்டு இருக்கு. கோயில் கமிட்டி நேரா சொல்லிடுச்சு. இன்னிக்கும் கட்டானா, அடுத்த வாரத்துல இருந்து ஆல்டியாதான் எண் கூப்பிடுவாளாம். ஆல்டியா! மாதாவே, அவ பத்துன்னு சொன்னாலே யாரோ செத்துட்ட மாதிரி இருக்கும்.

— ரெண்டு மணிக்குத்தானே? இப்ப ஒண்ணே கால். பதறாதீங்க. இந்தப் பெட்டி மேல என்னது இது, தொப்பியா?

— காயப் போட்டிருக்கேன். பெட்டி கதகதன்னு இருக்கா, ஈரத் தொப்பிக்கு நல்ல இடம்.

— முரியெல், இது அடுப்பு இல்ல.

— அதுக்காகவா கட்டாகுது?

— இருக்காது. ஆனா பார்க்க எனக்கே பாவமா இருக்கு. எடுத்துடுங்க. ரைட்டு. வெளியில இருந்து வர்ற கம்பி திருகு இறுக்கமா இருக்கு. மைக்ரோவேவ் பெட்டிக்கிட்ட இல்ல. மூணு பெட்டியும் ஒண்ணோட ஒண்ணு ஒழுங்காத்தான் பேசுது. இப்ப ஒரு சோதனை. நான் அடுப்படிக்குப் போய் என் போன்ல இருந்து உங்களுக்கு வீடியோ போடுறேன். நீங்க லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள மெதுவா நடங்க. நடந்துகிட்டே எண் கூப்பிடுங்க.

— நிஜமாவே கூப்பிடவா?

— கமிட்டியே கேக்குற மாதிரி கூப்பிடுங்க.

— சரி, போ. தெரியுறேனா? பி-யில நாலு, பாதர் காரோட டயரு! ஐ-யில பதினேழு, அந்த வயசு யாருக்கு ஞாபகம் இருக்கு, கையைத் தூக்குங்க! என்-ல நாப்பது, இடுப்புச் சுத்தளவு, யாரோடதுன்னு சொல்ல மாட்டேன்! ஜி-யில அம்பத்தி… ஜோசெட்? ஜோசெட்! போச்சு! மறுபடியும் போச்சு!

— கத்தாதீங்க, இதோ வந்துட்டேன். எங்க நின்னீங்க?

— இங்க. என் மேசைக்கிட்ட.

— கதவுக்கிட்ட வாங்க. ம், வந்துடுச்சு. இப்ப மேசைக்குப் போங்க. நில்லுங்க, அங்கேயே நில்லுங்க. பாருங்க, போயிடுச்சு. சுவரை ஒட்டி நின்னாத்தான் போகுது. முரியெல், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?

— ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லன்னா? வெட்டவெளியா?

— என் தம்பி.

— உங்களுக்குத் தம்பி இருக்காரா?

— இருக்கான், நார்மான்னு ஒருத்தன். அம்மா இந்த வீட்டை நடுவுல பலகை அடிச்சு ரெண்டாக்கிட்டா. இந்தப் பாதி எனக்கு, அந்தப் பாதி அவனுக்கு. அவன் ஆல்பெர்ட்டாவுல எண்ணெய்க் கிணத்து வேலையில இருந்தான், அவன் பாதியில வாடகைக்கு ஆள் இருந்தாங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி மூட்டை முடிச்சோட வந்து இறங்கிட்டான்.

— வந்து பார்த்தாரா உங்களை?

— பேச்சே கிடையாது. ஆறு வருஷமாச்சு. அவன் வாசல் பனியை அவன் தள்ளுவான், என் வாசல் பனியை நான் தள்ளுவேன். நடுவுல ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி கோடு.

— அப்படி என்ன நடந்துச்சு? சொல்ல இஷ்டம் இல்லன்னா விட்டுடுங்க, நான் பாட்டுக்கு டேப்லெட்டை நோண்டிட்டு இருக்கேன்.

— அம்மா கடைசி மூச்சு இழுத்துக்கிட்டு இருந்தா. மூணு நாள் அவனுக்கு போன் அடிச்சேன். எடுக்கல. அடக்கம் முடிஞ்ச மறுநாள் வந்து நிக்கிறான், கையில பூவோட. என் வாசப்படியைத் தாண்டாதேன்னு சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான். நீ ஏன் அந்தத் திரையையே முறைச்சுப் பார்க்கிற?

— உங்ககிட்ட எத்தனை பெட்டின்னு சொன்னீங்க?

— மூணு. எத்தனை தடவை சொல்றது?

— எனக்கு நாலு தெரியுது. “ரெஜினா வீடு”ங்கிற பேர்ல நாலு பெட்டி. மூணு உங்களது. நாலாவது சுவருக்கு அந்தப் பக்கம். உங்க மேசைக்கிட்ட அதோட சிக்னல்தான் பலமா இருக்கு.

— என் வைஃபைக்கு நான் வெச்ச பேரு அவன் பெட்டிக்கு எப்படி வந்துச்சு?

— அதுதான் புரியல. உங்க லேப்டாப் பேரைப் பார்த்து ஏமாந்து போகுது. நம்ம வீட்டுப் பெட்டிதான்னு நினைச்சு அந்தப் பக்கம் தாவுது. தாவினதும் பேசிட்டு இருந்த வீடியோ கால் அறுந்துடுது. கொஞ்ச நேரத்துல இந்தப் பக்கம் திரும்பத் தாவுது. அதுக்கு எப்ப தோணுதோ அப்ப. ஆனா முரியெல், பேர் ஒண்ணா இருந்தா மட்டும் தாவ முடியாது. பாஸ்வேர்டும் ஒண்ணா இருக்கணும்.

— திருடிட்டான்!

— இருங்க…

— சுவத்துல ஓட்டை போட்டுத் திருடியிருக்கான்! டேய் நார்மான்! நார்மான்! கேக்குதா? வாடா இங்க!

— முரியெல், சுவத்தை அப்படிக் குத்தாதீங்க, பெட்டி விழுந்துடும்! ஆறு வருஷம் பேசாதவரை இப்படியா கூப்பிடுறது?

— வேற எப்படிக் கூப்பிடுறது, வெத்திலை பாக்கு வெச்சா? அதோ, அவன் கதவு சத்தம். வரான்.

— நான்தான் நார்மான். சுவர் இடியுதோன்னு பயந்துட்டேன். என்ன வேணும்?

— உள்ள வாங்க. நான் ஜோசெட், வைஃபை பார்க்க வந்திருக்கேன். பனி கொட்டுது, ஏன் படியிலயே நிக்கிறீங்க?

— இங்க இருந்தே கேக்குது, சொல்லும்மா.

— உங்க வைஃபையோட பாஸ்வேர்டு யாரு குடுத்தது?

— யாரும் குடுக்கல. என்னோடதுதான்.

— பொய்! அது என்னோடது! என்னன்னு சொல்லுடா பார்ப்போம், இந்தப் பொண்ணு முன்னாடி சொல்லு!

— “பத்தாத்”, அப்புறம் நாலு நாலு ஒண்ணு ஏழு.

— பார்த்தியா ஜோசெட்! பார்த்தியா!

— பத்தாத்னா உருளைக்கிழங்குதானே? அதையா பாஸ்வேர்டா வெச்சீங்க?

— எங்க நாய்க்கு அந்தப் பேர். நாலு நாலு ஒண்ணு ஏழு இந்த வீட்டு போன் நம்பரோட கடைசி. இது ரெண்டுமே எங்க அம்மா போட்டது, ஜோசெட். முதல் முதலா இன்டர்நெட் இழுத்தப்ப, நம்பரும் சேர்த்துக் குடுன்னு அது கேட்டுச்சு, அம்மா வாயில வந்ததைச் சொன்னாங்க. “ரெஜினா வீடு”ன்னு பேர் போட்டதும் அவங்கதான். முரியெல் மாத்தாம வெச்சிருக்கா போல.

— நான் ஏன் மாத்தணும்? அம்மா போட்டது. பெட்டி மூணு தடவை மாறிடுச்சு, பேரை மட்டும் மாத்தல. நீ எதுக்கு வெச்சே?

— ஆல்பெர்ட்டாவுல ரூம் எடுத்தேன். பெட்டி வாங்கிட்டு வந்தேன். பேர் என்ன போடணும்னு கேட்டுச்சு. வேற பேர் தோணல. சாயங்காலம் வேலை முடிஞ்சு கதவைத் திறந்தா, போன் தானாவே “ரெஜினா வீடு”ன்னு காட்டும். அதுக்காகத்தான்.

— அங்கயுமா அம்மா பேரு?

— அந்தப் பெட்டியை இங்கயும் தூக்கிட்டு வந்தேன். பழசு, இங்க அதுக்கு உயிரே வரல, ரெண்டு வாரம் முன்னாடி ஊர்க்கடையில புதுசு வாங்கினேன். பேரு அதேதான் போட்டேன். உன்னோடதுக்கும் அதே பேருன்னு எனக்குத் தெரியாது. எனக்கும் கட்டாயிட்டேதான் இருக்கு.

— கடையிலன்னா எங்க கடையிலதான். எங்கப்பா யாருக்கு விக்கிறோம்னு கூடப் பார்க்க மாட்டாரு. ரைட்டு, கஷ்டம் தீர்ந்துச்சு. ரொம்பச் சுலபம். யாராவது ஒருத்தர் பேரை மாத்திடுங்க.

— அவன் மாத்தட்டும்.

— நான் மாத்த மாட்டேன்.

— நானும்தான் மாத்த மாட்டேன்! மூத்தவ நான்!

— ரெண்டு மணிக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு, ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன். இன்னொரு வழி இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரிப் பெட்டி. நார்மான், உங்க பெட்டியைக் கழட்டிட்டு வந்தா, முரியெலோட மூணோட நாலாவதா சேர்த்துடலாம். அப்புறம் எந்தப் பெட்டிக்குத் தாவினாலும் கால் அறுந்து போகாது. ரெண்டு பாதிக்கும் ஒரே வலை. யாரும் பேர் மாத்த வேண்டாம்.

— அப்ப அவன் என் லைன்ல ஓட்டுவானா?

— என் லைனை நிறுத்திடுறேன். எனக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம். அக்கா சரின்னா சரி.

— அக்காவாம்.

— முரியெல், சரியா, இல்ல ஆல்டியாவா?

— மாதாவே! சரி, சரி! போய் எடுத்துட்டு வாடா, ஓடு!

— நல்ல வேளை, என் வாசல் பக்கத்துலயே இருந்துச்சு. இந்தாம்மா.

— என்கிட்ட நீட்டாதீங்க நார்மான். பெட்டியை அடுப்படியில பெரிய பெட்டிக்குப் பக்கத்துல வெச்சுத்தான் சேர்க்கணும். உங்க போன்ல இருந்து அதை முதல்ல விடுவிக்கணும். நீங்களே வாங்க.

— என்னால முடியாதும்மா. தாண்டாதேன்னு சொல்லியிருக்கா.

— அதையா ஆறு வருஷமாப் பிடிச்சிட்டு நிக்கிற? கோவத்துல சொன்னேன்டா!

— நான் வாசல்ல நின்னு சொல்ல வந்தேன் முரியெல். நாங்க வேலை செஞ்ச கிணறு இருந்த இடத்துல டவர் கிடையாது. மூணாம் நாள் கேம்ப்புக்கு வந்ததும்தான் நீ அடிச்ச போன் காலெல்லாம் கொத்தாக் கொட்டுச்சு. புயல்ல ரெண்டு விமானம் ரத்து. அடக்கத்துக்குப் போய்ச் சேரணும்னுதான் ஓடி வந்தேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள கதவு சாத்திடுச்சு.

— ஏன் நீ ஒரு கடுதாசி போடல?

— ஏழு போட்டேன். கிழிச்சுட்டேன்.

— கிழிச்சியா, கழுதை! நானும்தான் அடிக்கலாம்னு எத்தனை தடவை உன் நம்பரை எடுத்திருப்பேன்… சரி போதும். குளிர் வீட்டுக்குள்ள வந்துட்டு இருக்கு. கதவைச் சாத்து.

— எந்தப் பக்கம் நின்னு சாத்தணும்?

— உள்பக்கம் நின்னுதான். வேற எப்படி?

— ரைட்டு! அழுகையெல்லாம் அப்புறம், இங்க வாங்க ரெண்டு பேரும். நார்மான், அந்தச் சின்னத் துளையில ஊசியை விட்டு அமுக்குங்க. விளக்கு சிமிட்டுற வரைக்கும் விடாதீங்க.

— ஊசி எங்க முரியெல்?

— தையல்காரி வீட்டுல ஊசி கேக்கிற! இந்தா. டேய், என்னடா இவ்வளவு நரைச்சிடுச்சு உனக்கு?

— உனக்கு மட்டும் என்னவாம்?

— எனக்குச் சாயம் இருக்கு. அந்த மூடியைத் திறந்து பாரு, கோழி ஃப்ரிக்கோக் குழம்பு இருக்கு. அம்மா செய்யிற மாதிரி, மாவுருண்டை போட்டது. சாப்பிட்டியா?

— இல்ல.

— நின்னுகிட்டே சாப்பிடு, அந்தக் கையால. இந்தக் கையை ஊசியில இருந்து எடுத்தியோ, பாரு!

— சிமிட்டுது! அப்படியே விடுங்க. தேடுது… பிடிச்சிடுச்சு. நாலு பெட்டி, ஒரே வீடு. முரியெல், லேப்டாப்பைத் தூக்கிட்டு மேசைக்குப் போங்க. நான் இங்க இருந்து உங்களைப் பார்க்கிறேன். பேசுங்க.

— ஜி-யில அம்பத்தி ரெண்டு! தெரியுறேனா? சுவத்து மேலயே சாஞ்சு நிக்கிறேன், பாரு! ஓ-வில எழுபத்தி மூணு! இன்னமும் தெரியுறேனா?

— கண்ணாடி மாதிரி தெரியுறீங்க. லேப்டாப் நாலாவது பெட்டிக்குத் தாவிடுச்சு, உங்க படம் சிமிட்டக் கூட இல்ல. போதும், இப்ப ஆட்களை உள்ள விடுங்க, மணி ஆச்சு.

— வாங்க வாங்க, எல்லாரும் வாங்க! இன்னிக்குக் கட்டாகாது, என் உத்தரவாதம்! ஆல்டியா, நீயும் வந்துட்டியா, சந்தோஷம், உக்காந்து ஆடு! பரிசு ரெண்டு பன்றித்தொடை, ரம்பத்துக்கு லீவு! ஒரு நிமிஷம், எண்ணிக்கிறேன். அம்பத்தொம்பது. யாரு வரல? லியோனார்டினைக் காணோமே. ஜோசெட், லியோனார்டின் வரல.

— யாரு அது?

— கேமரா போட மாட்டா, குரல் குடுக்க மாட்டா. ஆட்டம் முடிஞ்சதும் “இன்னிக்கும் நல்லாக் கூப்பிட்டே”ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போவா. ஜெயிச்சதே கிடையாது, ஆனா நாலு வருஷத்துல ஒரு வியாழக்கிழமை தவறினது இல்ல. எந்த ஊர்னு கூடத் தெரியாது, விசாரிக்கவும் வழி இல்ல. உடம்புக்கு என்னவோ. கொஞ்ச நேரம் பார்க்கட்டுமா?

— பார்க்காதே அக்கா, ஆரம்பிச்சுடு. லியோனார்டின் உன் அடுப்படியில நின்னு ஃப்ரிக்கோ சாப்பிட்டுட்டு இருக்கா.