முற்றம் பெருக்க வந்த ரெண்டு பேர்

— தொடப்பத்த அப்படிப் பிடிச்சா காத்துதான் சார் பெருக்கும். இன்னும் கீழ பிடிங்க. நல்லாக் குனியணும்.

— குனிஞ்சுண்டுதானே இருக்கேன். நீ யாரு எனக்கு… ஈசுவரா. ராக்கம்மாவா?

— ராக்கம்மாதான். மட்டாஞ்சேரியில ஒங்க வட்டத்துல பதினொரு வருசமாத் தெரு கூட்டுனவ. இப்ப சஸ்பென்ஷன்ல இருக்கவ. மறந்திருக்க மாட்டீங்க, ஹெல்த் இன்ஸ்பெக்டர் சார்.

— மெதுவாச் சொல்லு. இந்த வல்லார்பாடம் மாதா கோயில்ல நான் இன்ஸ்பெக்டர் ஒண்ணும் இல்லை, வெறும் வைத்தீஸ்வரன். தலையில துண்டு போட்டுண்டு வந்தும் எப்படிக் கண்டுபிடிச்சே?

— குப்பைய முன்னால தள்ளிட்டு அதையே மிதிச்சுக்கிட்டு ஒரு ஆளு போறாரேன்னு பாத்தேன். அப்புறம் ஒரு செருமல் கேட்டுச்சு. நெதம் காலையில என் முதுகுக்குப் பின்னால கேக்குற செருமல். அது கேட்டா என் கை தானா ஓரத்துல ஒரு தரம் கூட்டும்.

— நீங்கள்லாம் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கறவாளாச்சே. மாதா கோயில்ல நோக்கு என்ன வேலை?

— பூணூல் போட்ட அய்யரு நீங்க. நீங்க மொதல்ல சொல்லுங்க.

— ஆத்துக்காரி அனுப்பினா.

— மாமியா?

— சீதாலக்ஷ்மிக்கு இப்போ எந்தத் தெய்வமானாலும் போறும். அவ வேலை பார்க்கற ஸ்கூல்ல த்ரேஸ்யா டீச்சர்னு ஒருத்தி. மனசுல பாரம் இருக்கறவா வல்லார்பாடத்துல போய் முற்றம் பெருக்கினா மாதா அதை வாங்கி வச்சுண்டுடுவான்னு அவ சொன்னாளாம். அதாக்கும் முதல் போட்டைப் பிடிச்சு இந்தத் தீவுக்கு வந்தேன்.

— ஒங்களுக்கென்ன சார் பாரம்?

— சிரிக்கப்படாது. ஒன்றரை மாசமா நேக்கு சாதம் இறங்கல்லை. இலை முன்னால உக்காந்தா கருவாட்டு நாத்தம்.

— அய்யரு வீட்டுலயா?

— ரசத்துல. மோர்ல. நேத்திக்குப் பாயசத்துல. சீதா என் சட்டையை ரெண்டு தடவை மோந்து பார்த்துட்டா. நான் எங்கேயோ வெளியில மீன் திங்கறேன்னு அவளுக்குச் சம்சயம். டாக்டர் மூக்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, மூக்குல ஒண்ணும் இல்லை, வேற எங்கேயாவது இருக்கான்னு பாருங்கோன்னுட்டார்.

— ஒன்றரை மாசமாவா?

— ஆமாம்.

— கருவாட்டு நாத்தமா?

— அதாக்கும் சொல்றேன். நீ ஏன் பெருக்கறதை நிறுத்திட்டே?

— கை வலிக்குது. நீங்க இந்த மாமரத்துப் பக்கம் வாங்க, சருகு இங்கதான் கெடக்கு. அது சரி, எனக்குக் கழுத்து சார். எனக்கும் ஒன்றரை மாசந்தான். தல நிமிரமாட்டேங்குது. வைத்தியரு எண்ணெ குடுத்தாரு, சுளுக்கெடுக்குற முப்பிடாதி மகன் பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்குனான், ஒண்ணும் கேக்கல. பக்கத்து வீட்டு ரோசிலிதான், போயி முற்றம் கூட்டு சேச்சின்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. அடியே, சென்மம் பூராத் தெரு கூட்டுனவள போட் ஏறிப் போயி அங்கயும் கூட்டச் சொல்றியே, மெழுகுதிரி, பூமாலைன்னு வேற எதுவும் உங்க மாதா வாங்கமாட்டாளான்னு கேட்டேன்.

— அதுக்கு என்ன சொன்னா?

— அந்தக் காலத்துல மீனாக்ஷின்னு ஒரு அம்மா பிள்ளையோட தோணியில போனாளாம். காத்துல தோணி கவுந்து, மாதாவ விளிச்சு, ரெண்டு உசுரும் தப்பிச்சுச்சாம். அவ சாகுற வரைக்கும் இங்க இருந்து இந்த முற்றத்தக் கூட்டுனாளாம். அதனால இங்க டாக்டர் பொண்டாட்டியும் கூட்டுவா, பெரிய முதலாளியும் கூட்டுவாருன்னா. எனக்கு உடனே ஆசையாப் போச்சு சார்.

— பக்தியிலயா?

— எங்க. பதினொரு வருசமா நான் கூட்ட மத்தவங்க நின்னு பாக்குறாங்க. ஒரு நாளு மத்தவங்க கூட்ட நான் நின்னு பாக்கணும்னுதான் போட் ஏறுனேன்.

— பார்த்தாயோ?

— பாத்தேன். அந்தா அந்தப் படிக்கட்டுல உக்காந்து வெத்தில போட்டுக்கிட்டே பாத்தேன். ஒருத்தருக்கும் கூட்டத் தெரியல. சிரிப்பா வந்துச்சு. அப்ப பட்டுச்சேல கட்டுன ஒரு அம்மா கிட்ட வந்து, சேச்சி, இத எப்படிப் பிடிக்கணும், கொஞ்சம் காட்டித் தர்றீங்களான்னு கேட்டா. இத்தன வருசத்துல இது எப்படின்னு எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல சார். வெத்திலயத் துப்பிட்டு எந்திரிச்சுப் போயி காட்டிக் குடுத்தேன். அப்படியே நானும் கூட்டுனேன். அன்னைக்குக் கூட்டுனது எனக்கு வேலையாத் தெரியல. இது மூணாவது ஞாயித்துக்கெழம.

— நேர மாரியம்மன்கிட்டயே போய் நின்னிருக்கலாமே.

— அவகிட்ட இப்ப மொகம் காட்ட முடியாது. அவளுக்கும் எனக்கும் ஒரு சங்கடம். அதனால இந்த அம்மாகிட்ட வந்து, தாயே, நீ அவகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுன்னு கேட்டேன். அம்மாமாருக்குள்ள பேச்சுவார்த்தை இல்லாமலா இருக்கும்.

— ராக்கம்மா, செத்த நில்லு. நான் ஒண்ணு சொல்லணும். மாதாகிட்டச் சொல்லத்தான் வந்தேன். நீயே எதிர்ல வந்து நிக்கறே. இனிமே அவகிட்ட மட்டும் சொன்னா நன்னாயிருக்காது.

— சொல்லுங்க சார்.

— அன்னிக்கு வெள்ளிக்கிழமை. கருவாட்டு மொத்தக் கடைக்காரர் புதுக்கடை திறக்கற நாள்.

— தெரியும். நான் கூட்டி முடிச்ச அடுத்த நிமிசம் அழுகின கருவாட்ட ரோட்டுல கொட்டுற முதலாளி. ஒங்ககிட்ட மூணு தரம் வந்து சொன்னேன். ஆகட்டும்னீங்க.

— அதையும் என் பாவத்துல சேர்த்துக்கோ. காலம்பர ஆறு மணிக்கு அவர் விருந்தாளிகளோட வந்து கதவைத் திறக்கப் போனா, வாசப்படியில ஒரு கூடை அழுகின கருவாடு. வந்தவாள்லாம் மூக்கைப் பொத்திண்டு ஓடினா. மேல வரைக்கும் புகார் போச்சு. அந்த நேரம் நீ எங்கேடா இருந்தேன்னு என்னைக் கேட்டா. ஆறு மணிக்கு அந்த ரோட்டுல நிக்க வேண்டியது என் ட்யூட்டி.

— சாயாக்கட மறைவுல நின்னீங்க. அங்க நின்னு பாத்ததா எழுதியிருந்தீங்களே, ஆபீஸ்ல படிச்சுக் காட்டுனாங்க.

— ஆத்துல தூங்கிண்டு இருந்தேன். எமர்ஜென்சியில ரெண்டு வருஷம் அஞ்சரைக்கே ரோட்டுல நின்னேன். அது போனதும், இனி கொஞ்சம் தூங்கினா என்னன்னு தோணித்து. மழை வேற. ராக்கம்மாள் கூடையைக் கவிழ்த்ததை என் இரு கண்களாலும் கண்டேன்னு எழுதினேனே, அந்த ரெண்டு கண்ணும் அப்போ போர்வைக்குள்ள மூடியிருந்தது.

— நீங்க பாக்கவே இல்லையா?

— இல்லை.

— சாயாக்கடப் பக்கமே வரல?

— வரல்லை.

— என் தாயே.

— திட்டு ராக்கம்மா. நன்னாத் திட்டு.

— பெறகு ஏன் சார் என் பேர எழுதுனீங்க?

— அந்த ரோடு உன்னோடது. பேனாவை எடுத்ததும் அந்தப் பேர்தான் வந்தது. அதோட விட்டேனா. நீ ஆபீஸ் வாசல்ல உள்ளங்கையில கற்பூரம் ஏத்தி, மாரியம்மன் மேல ஆணையா நான் கவிழ்க்கலைன்னு சத்தியம் பண்ணினே. கை சுட்டும் நீ இமைக்கல்லை. அப்போதான் நேக்கு நிச்சயமாச்சு, இவ மேல ஒரு குத்தமும் இல்லைன்னு. நிச்சயமான அப்பறமும் ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கல்லை. அன்னிக்கு ராத்திரி சாப்பிட உக்காந்தேன், நாத்தம் வந்துடுத்து.

— போதும் சார். கூட்டுங்க.

— நாளைக்குக் காலம்பர எழுதிக் குடுக்கப் போறேன். நான் பார்க்கல்லை, பொய் சொன்னேன்னு.

— வேண்டாம். ஒங்க வேலைக்கு ஏதாச்சும் வந்துரும்.

— வரட்டும். இத்தனை கஷ்டத்துலயும் என் வேலையைப் பத்தி நினைக்கறயே. நோக்கு எவ்வளவு பெரிய மனசு.

— அப்படிச் சொல்லாதீங்க சார்.

— ஏன் சொல்லப்படாது? மத்தவாளா இருந்தா இந்தத் தொடப்பத்தாலேயே அடிச்சிருப்பா. நீ நேக்குப் பெருக்கச் சொல்லித் தந்தே.

— சார், பேசாமக் கூட்டுங்களேன்.

— குத்தமே பண்ணாத ஒருத்தியை மாதா என் முன்னால கொண்டு வந்து நிறுத்தியிருக்கா. இரு, ஒரு நிமிஷம். மூச்சை இழுத்துப் பாக்கறேன். மெழுகுதிரி வாசனை வரது. காயல் காத்து வரது. வேற ஒண்ணும் வரல்லை. ராக்கம்மா, போயிடுத்து. சத்தியமா போயிடுத்து. நேக்கு இப்போ பசிக்கறது.

— சந்தோசம் சார்.

— சந்தோஷம்னு சொல்லிண்டு நீ ஏன் தரையைப் பார்த்துண்டு அழறே? உன் கழுத்தும் சரியாயிடும். நான் பண்ணின பாவத்தால வந்த வலிதானே அது.

— இல்ல சார். நீங்க சொல்லிட்டீங்க, ஒங்களுக்குப் போயிருச்சு. நான் இன்னும் சொல்லல, அதான் எனக்குப் போகல. நாளைக்கு நீங்க பாக்கலேன்னு எழுதிக் குடுங்க, அது நெசம். கூடவே நானும் வந்து, அந்தக் கூடையக் கவுத்தது நான்தான்னு சொல்றேன், அதுவும் நெசம்.