பெரியவ வந்துட்டாளா?

வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்றால், முதலில் அடியில் இருக்கும் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். முக்கால்வாசி வீடுகளில் கோளாறு அங்கேதான் இருக்கும். ஒரு சட்டைப் பொத்தானோ கொண்டை ஊசியோ சிக்கிக் கிடக்கும். இதைப் போனில் சொல்வதுதான் என் வேலை. வீட்டிலிருந்தபடியே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எரிந்து விழுகிறவர்களிடம் எரிந்து விழாமல் பேசுவேன். கெட்ட செய்தியையும் குரல் உயராமல் சொல்ல எங்களுக்குப் பயிற்சி உண்டு. எனக்கு அது நன்றாக வந்தது.

அப்பா பஸ் ஓட்டியவர். மறதி நோய் வந்த பிறகு வருஷம், தெரு, இறந்துபோன அம்மா என்று ஒவ்வொருவராக அவர் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் இறங்கவில்லை. "பெரியவ வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டு வாசல் கதவைப் பிடித்து உலுக்குவார். அக்கா விமானம் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறாள். "அடுத்த மாசம் வர்றாப்பா" என்பேன். தலையாட்டுவார். நான் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் மறுபடியும் கேட்பார். சின்னவளை ஒருநாளும் கேட்டதில்லை. கூடவே இருப்பவளை எதற்குக் கேட்க வேண்டும்? அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

ஆனால் உடம்பு கேட்கவில்லை. அவரைத் தூக்கித் தூக்கி உட்காரவைத்ததில் இடுப்பு போனது. தூக்கம் போனது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா அவருக்கு முன்னாடி நீங்க படுத்துடுவீங்க" என்றார். அக்காவிடம் சொன்னேன். "தினமும் கொஞ்சம் வாக்கிங் போயேன்டி" என்றாள். கதவை உலுக்கிக்கொண்டிருப்பவரை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் தடவை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சமையலறை முழுக்கத் தண்ணீர் நிற்கிறது என்று ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அப்பா கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அழைப்பைக் காத்திருப்பில் போட்டேன். வேலைக்கு வைத்திருக்கும் அதே குரலில் சொன்னேன்.

"பெரியவ இனிமே வரமாட்டாப்பா. செத்துப்போயிட்டா."

கதவை விட்டுவிட்டார். கட்டிலில் போய் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். பிறகு படுத்து, சாயங்காலம் வரை தூங்கினார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எழுந்ததும் எல்லாம் மறந்துபோய், "பெரியவ வந்துட்டாளா?" என்றார். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆரம்பத்தில் விபத்து என்று சொல்லிப் பார்த்தேன். எங்கே, யார் ஓட்டினது, பிரேக் பிடிக்கலையா என்று துருவித் துருவிக் கேட்டார். டிரைவர் இல்லையா. அதனால் காய்ச்சல் என்று மாற்றிக்கொண்டேன். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்பேன். அக்காவை நான் ஒருநாளும் வலியோடு சாகவிட்டதில்லை.

அவர் தூங்கும்போது நானும் தூங்கினேன். கன்னத்தில் சதை பிடித்தது. அடுத்த முறை போனபோது டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "என்ன பண்றீங்களோ, அதையே விடாம பண்ணுங்க" என்றார். அப்பாவைப் பரிசோதித்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. எடை குறைந்திருந்தது, இதயம் பலவீனமாக இருந்தது. "அதிர்ச்சியான எதையும் அவர் காதுல போடாதீங்க. விஷயம் மறந்துடும். துக்கம் மறக்காது, உடம்புல தங்கிடும்" என்றார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அவர் சொன்னது சரிதான். அப்பா காலையிலேயே காரணம் தெரியாமல் அழ ஆரம்பித்தார். ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்வார். "மனசே சரியில்லம்மா. நம்ம வீட்ல யாராவது போயிட்டாங்களா?" என்பார். "இல்லப்பா, எல்லாரும் நல்லா இருக்காங்க" என்பேன். அதைச் சொல்லும் வேளை இன்னும் வந்திருக்காது.

சொன்னபடியே அக்கா வந்தாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், "அப்பா" என்று நின்றாள். அவர் துக்கம் விசாரிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வாம்மா. உனக்கும் தகவல் வந்துடுச்சா? என் பெரியவ போயிட்டா" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்த நோயில் இப்படித்தான் கண்டபடி பேசுவார்கள் என்றேன். பாவம், நம்பிவிட்டாள்.

அவள் விடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து பழைய கதையெல்லாம் சொன்னாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்றியதைச் சொன்னாள். அந்தச் சீட்டில் நானும்தான் உட்கார்ந்திருக்கிறேன். சில நாளில் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் கையால் வயிறாரச் சாப்பிட்டார். கதவுப் பக்கமே போகவில்லை. ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டு, முகமெல்லாம் பல்லாக, "இவதான் என் பெரியவ. வந்துட்டா பாத்தியா?" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார்.

அக்கா குளிக்கப் போனாள். அப்பா கட்டிலில் நிம்மதியாகச் சாய்ந்திருந்தார். குளியலறைக் கதவைப் பார்த்து, "பெரியவ எங்க போனா?" என்று கேட்டார்.

நான் அவர் அருகில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எப்போதும்போல் சொன்னேன். இந்தமுறை அவர் அழவில்லை. நெஞ்சில் கை வைத்தார், வாய் எதையோ சொல்லப் போனது, அவ்வளவுதான். நிமிர்ந்தபோது அக்கா ஈரத்தலையோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அவள் போலீஸில் உங்களிடம் கொடுத்த புகாரில் இருப்பது அத்தனையும் உண்மை. தூக்கமில்லாமல் என் உடம்பு கெட்டதும் உண்மை, வேலையைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல்தான் ஆரம்பித்தேன் என்பதும் உண்மை. அன்றைக்கு எந்த அழைப்பு காத்திருந்தது என்று கேட்கிறீர்கள். எதுவும் இல்லை. அக்கா வந்ததிலிருந்து நான் லீவில் இருந்தேன். ராத்திரியெல்லாம் அவள்தான் அவரைப் பார்த்துக்கொண்டாள், நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.