நூல் கட்டிய தேயிலைப் பொட்டலங்கள்

ஹலோ... ஹலோ... ஆமாங்க, காஞ்சிவரம்தான். டிரங்க் கால் புக் பண்ணது நாந்தான்... உம்முசல்மா. ரஹ்மான் டீத்தூள் கடை... பெங்களூர் லைன் வந்துட்ச்சா? குடுங்கம்மா, குடுங்க.

ஹலோ... பட்டு ஆபீஸா? ... லோகாம்பாளுங்க. உங்க தறியில நெய்யிறாரே தர்மன், அவரு சம்சாரம்... வந்து உக்காந்துக்கினு இருக்குதா? ... டம்ளருங்களா? ஆமாங்க, நாந்தான் எட்த்தாரச் சொன்னேன். சிரிக்காதீங்க. அதுங்கிட்ட குடுங்க.

லோகா... நாந்தான், உம்மு... ஆமா... ஆமா... கேக்குது, நல்லா கேக்குது, கத்தாத... நல்லா இருக்கேன். நீ? ... தர்மண்ணன்? ... சரி, சரி. உன் கொரலு ஏன் இப்படி எளைச்சிப் போயிருக்குது? ... லைனா. சரி.

மத்ததெல்லாம் அப்பால பேசலாம். அண்ணன் ஜும்மாவுக்குப் போயிருக்காரு, அவரு வர்றதுக்குள்ள முடிக்கணும்... இல்ல, சொல்லல. சொன்னா வோணாம்னுவாரு. அண்ணி உள்ள தூங்குது. கடைக்கதவ ஒருக்களிச்சி வெச்சிட்டு, மேசை மேல கிளாசுங்கள வரிசையா வெச்சிக்கினு நிக்கறேன்.

லோகா, இந்த வாட்டி யோசிச்சி சொல்லணும். மெட்ராஸ்லேர்ந்து ஒரு கம்பெனி ஆளு வந்து அண்ணன்கிட்ட பேசிட்டுப் போனான். பாக்கெட்டு டீயாம். கலக்கத் தேவையில்ல, ருசி பாக்கத் தேவையில்ல, வாங்கி அடுக்கி வெச்சி வித்தா போதுமாம்... ஆமா, அண்ணனுக்குப் புடிச்சிப் போச்சி. இந்த ஒரு தரம் பாக்கறேன், கலவை சரியா அமையலன்னா நம்ம கலந்து விக்கற இலத்தூள நிறுத்திடறேன்னுட்டாரு... நான் இன்னா சொல்றது. எங்க வூட்டுக்காரரு மௌத்தாகி நான் அண்ணன் வூட்டுக்கு வந்ததுலேர்ந்து, நீயும் நானும் பின்கட்டுல உக்காந்து எதச் சொன்னமோ அதத்தான அவரு கலந்தாரு. அதுவும் போச்சின்னா அண்ணி பசங்க சட்டைக்கு பித்தான் தெச்சிக்கினு கெடக்க வேண்டியதுதான்... ம்... சாயங்காலத்துக்குள்ள குன்னூர் மொத்த வியாபாரிக்கு தந்தி குடுக்கணும், இந்த சரக்கு வோணும்னு.

நான் தபால்ல அனுப்பினதுல செவப்பு நூல் கட்ன பொட்டலத்துலேர்ந்து போட்டது, அந்த டம்ளர எட்த்துக்கோ. அஸ்ஸாம்... பால் இல்லாம, சக்கர இல்லாமதான போட்ட? ... சரி, குடி. நானும் குடிக்கறேன்... ம்... நாக்கு நடுவுல வந்து உக்காந்துக்குது பாரு. வெல்லம் காய்ச்சின பாத்திரத்தோட அடி மாதிரி... நீ இன்னா சொல்ற? ... நல்லா இருக்குதா. எப்படி நல்லா இருக்குது? ... நல்லாதான் இருக்குதா. சரி.

மஞ்ச நூலு. டார்ஜிலிங். சாயமே எறங்கல பாத்தியா... ம்... கருப்புத் திராட்ச தோல மென்னா ஒரு துவர்ப்பும் வாசனையும் வரும்ல, அது. ஆனா பால் ஊத்தினா செத்துடும். நம்ம ஊரு ஜனம் பால் இல்லாம எங்க குடிக்கும்... இதுவும் நல்லா இருக்குதா? ... ம்.

பச்ச நூலு. இத நான் சொல்லமாட்டேன், நீ மொதல்ல சொல்லு... குடிச்சியா? ... இன்னா? ... ரொம்ப நல்லா இருக்குதா?

லோகா... அதுல ஏலக்கா சென்ட் போட்டிருக்குது. அந்தக் கம்பெனிக்காரன் குடுத்துட்டுப் போன வாசன டீ. பொட்டலத்தப் பிரிச்சதுமே எனக்கு தலவலி வந்துட்ச்சி. கல்யாணத்துல பன்னீர் சொம்பு மேல கவுந்துக்கினா மாதிரி இருக்குது. இது உனக்கு நல்லா இருக்குதா? ஏலக்கா டீய மூக்கு கிட்டயே வுடமாட்ட நீ... நெசமா குடிச்சியா, இல்ல சும்மா சொல்றியா? ... குடிச்சியா. அப்பறம்? ... லோகா, பேசு... ஏய்... அழாத. அங்க அந்த ஆபீஸ்காரரு இருப்பாரே... வெளிய போய்ட்டாரா. சரி. சொல்லு, நான் கேக்கறேன்.

...

எப்பலேர்ந்து? ... அந்த விஷக்காய்ச்சல்லேர்ந்தா. காய்ச்சல்னு எழுதியிருந்த, இத எழுதலியே... மல்லிப்பூ? ... கொழம்பு தாளிக்கும்போது? ... எந்த வாசனயுமேவா? ... பால் தீஞ்சிக்கினு இருந்ததுகூட தெரியலியா. யா அல்லா... கொழம்பு ஊசிப்போச்சான்னு தர்மண்ணனத்தான் மோந்து பாக்கச் சொல்றியா... ம்... ம்... டாக்டரு இன்னா சொன்னாரு? ... திரும்ப வரலாம், வராமயும் போலாம்னா, அத சொல்றதுக்கு டாக்டரு எதுக்கு... சரி... சரிம்மா... அழு. நான் இங்கதான் இருக்கேன்.

ஹலோ... ஆமாம்மா, பேசிக்கினுதான் இருக்கோம். இன்னொரு மூணு நிமிஷம் போட்டுக்கோங்க. வெட்டிடாதீங்க.

லோகா, எங்கிட்ட ஏன் சொல்லல? ... டீ அனுப்பறத நிறுத்திடுவேன்னா? பைத்தியமா நீ... நீ ருசி சொல்லணும்ங்கறதுக்காகவா நான் உங்கிட்ட பேசறேன்... ஆமா. இன்னிக்கி அதுக்குத்தான் கூப்ட்டேன். இல்லன்னு சொல்லல. வேற இன்னா சாக்கு இருக்குது எனக்கு, உன் கொரலக் கேக்க? ... பக்கத்துல உங்க வூட்ல இப்ப குடியிருக்குதே அந்தம்மா, நல்ல மனுஷிதான். வாசப்படியிலயே நின்னு ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிடும். மத்தியானம் ஆச்சின்னா இந்த வூட்ல சல்லடை சத்தம்தான். நான் நிறுத்தினா அதுவும் இல்ல... இல்ல, உன்ன குத்தம் சொல்லல. பொழப்புக்குப் போனீங்க.

டம்ளர கீழ வெச்சிடு. இன்னும் ரெண்டு இருக்குது. நான் குடிக்கறேன், நீ கேளு... முடியும். கேளு சொல்றேன்.

நீல நூலு, குன்னூர்... ம்... சுருக்குனு இருக்குது. பட்டு நூல அவிச்சி அலசி ஒதறும்போது மொகத்துல தண்ணி தெறிக்குமே, அந்த மாதிரி. அவ்ளோதான், அப்பறம் நிக்கல... இன்னா சொன்ன? ... ஆமா. ஆமா, அப்படியேதான். நெடுக்க பாவு இருக்குது, குறுக்க ஊடை இல்ல. குடிக்காமயே கரெக்டா சொல்ற பாரு.

வெள்ள நூலு. கோத்தகிரி, பனிக்காலத்துல பறிச்சதாம்... இரு... ம்... இன்னொரு வாய் குடிக்கறேன்... எப்படி சொல்றது. மொதல்ல ஒண்ணுமே இல்ல, வெறும் வெந்நி. முழுங்கினப்பறம்தான் வருது... பூ இல்ல. பழமும் இல்ல... பச்சரிசி ஊறவெச்ச தண்ணியா? கிட்ட வருது, ஆனா அது இல்ல... லோகா, மழ விட்டப்பறம் நம்ம ரெண்டு வூட்டுக்கும் நடுவுல இருக்கற செவுரு வெயில்ல காயும்ல, சுண்ணாம்புச் செவுரு. அது மேல எட்டிப் பாத்து நீ என்னக் கூப்டுவியே... அதேதான். அந்த நேரத்துல செவுத்துலேர்ந்து வருமே ஒரு வாசன... தெரியுதா? ... நெசமாவா? எனக்காக சொல்லாத... நெனப்புலயா. நெனப்புலயே தெரியட்டும்.

ஆனா பால் ஊத்தினா தாங்குமா, அதான் யோசன... அஸ்ஸாம் கொஞ்சம் சேத்தா? ... எவ்ளோ சேக்கலாம், நீ சொல்லு... நான் சொல்லணுமா. நான் தனியா எப்பவும் சொன்னதில்லியே... நீ லேசா சொல்லிட்ட, இரு. பால் இருக்குது இங்க. கலந்து பாக்கறேன்... சரி பாதி போட்டா அஸ்ஸாம் ஏறிக்கினு உக்காந்துக்கும். கோத்தகிரி தூக்கலா... ம்... லோகா, நிக்குது. பாலோட முழுங்கினப்பறமும் அடியில நிக்குது... ஆமா, நான் சொல்றேன். நான்தான் சொல்றேன்.

இரு, அண்ணன் வந்துட்டாரு. வெச்சிடாத.

லோகாதான் அண்ணே, பெங்களூர்ல... இல்ல, அது பண்ணல. நாந்தான் பண்ணேன்... திட்டறதுன்னா அப்பறம் திட்டுங்க. மொதல்ல இத குடிங்க... குடிங்கண்ணே... ... கோத்தகிரி. கொஞ்சம் அஸ்ஸாம்... லோகா இல்ல, நான் பாத்தது. நான் மட்டும் பாத்தது... ம்... தந்தி நானே எழுதித் தரேன்.

லோகா, இருக்கியா? ... கிளாச ஒட்டக் காலி பண்ணிட்டு தொப்பிய கழட்டி ஆணியில மாட்றாரு... ஆமா, அவருகிட்டேர்ந்து அதுக்கு மேல எதிர்பாக்க முடியாது. இலத்தூளு நிக்காது, இருக்கும்... உன்னாலதான்... சரி, என்னாலதான்.

கேக்க மறந்துட்டேன். பங்குனி உத்தரத்துக்கு வரீங்கதான? ... ஓ... எப்ப? ... சொந்தத் தறியா. அங்கயே போட்டாச்சா. நல்லதுதான... இல்ல, மனசார சொல்றேன், எத்தன வருஷம் இன்னொருத்தன் தறியில உக்காந்தாரு தர்மண்ணன்... வூடு? ... இப்ப இருக்கறவங்களுக்கேவா. வித்து எழுதியே குடுத்தாச்சா... ம்... ம்... கேட்டுக்கினுதான் இருக்கேன். சொல்லு... எப்பவாவது வருவ. கல்யாணம் காட்சின்னா வருவ... சரி... சரிம்மா, மருந்த விடாம சாப்புடு. உடம்ப...

லோகா? ... ஹலோ... ஹலோ... யாரு, எக்ஸ்சேஞ்சா? ... நேரம் ஆயிடுச்சா. அவங்க பக்கமும் வெச்சிட்டாங்களா... வோணாம்மா, திரும்பப் போட வோணாம்.

ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா... நீங்க டீ குடிப்பீங்களா? ... காப்பிதானா... இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம கடை பக்கத்துலதான் இருக்குது, எப்பவாவது இந்தப் பக்கம் வந்தா... ஆமா, ஆமா, உங்களுக்கு வேற கால் வரும், பாருங்கம்மா.

வெச்சிட்றேன்.