சில்லு இல்லாத வாகனம்

“சில்லு இல்லாத வாகனத்துக்கு எலுமிச்சம்பழத்தை எங்கை வைச்சு நசுக்கிறது?”

ஏரிக்கரை ஊரான பிக்கரிங்கிலிருந்து வந்த ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெண் தன் புருசனிடம் இப்படிக் கேட்டாள். சமைக்கக் குசினியும் படுக்கையும் உள்ள பழைய படகு ஒன்றைப் பார்த்துவிட்டு இருவரும் வீடு திரும்புகிறார்கள் என்று பேச்சில் விளங்கியது.

“இழுத்துக்கொண்டு வாற ட்ரெயிலருக்குச் சில்லு இருக்குத்தானே. கோயில் ஐயரிட்டை நான் கதைக்கிறன்.”

“எங்கடை மூத்தவனை விடப் பழசப்பா அது.”

“நானும் பழசுதான். வைச்சிருக்கிறீர்தானே?”

“உங்களுக்குள்ளை தண்ணி வராது.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“விக்கிறவன் இண்டைக்குப் பதில் கேக்கிறான். நீர் ஏறமாட்டீர் எண்டால் எனக்கு உது வேண்டாம். உம்மைக் கரையிலை விட்டிட்டுப் பிள்ளையளோடை போக எனக்கு மனமில்லை.”

“எனக்கு நீந்தத் தெரியாது.”

“அது தெரியும்.”

அவள் ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தாள்.

“முதல் நாள் கரையிலை கட்டினபடி இருக்கட்டும். உள்ளை இருந்து தேத்தண்ணி குடிப்பம்.”

“அடுத்த நாள்?”

“கயித்தைக் கொஞ்சம் நீட்டிக் கட்டுங்கோ. பாப்பம்.”