திங்கக்கிழமை ஆளுங்க வருவாங்களா?

இருங்க... இத ஒரு சின்னக் கதையா சொன்னாத்தான் எனக்கே மனசு ஆறும்.

கோயமுத்தூர்ல கனகசபாபதின்னு ஒருத்தரு. இரும்பு வார்க்கற பட்டறை வச்சிருக்காரு. பம்புக்கு வேணுங்கற பாகமெல்லாம் வார்த்து ஜெர்மனிக்கு அனுப்புவாரு. ஒரு நாள் அந்த ஜெர்மன் கம்பெனில இருந்து அறிவிப்பு வருது. முழுக்க ஜெர்மன்! சட்டம், நிதி, பிரிவு, உட்பிரிவு... நமக்கு என்னங்க புரியும்? செல்போன்ல தலைப்ப மட்டும் போட்டுப் பாத்தாரு. அது என்ன சொல்லுச்சு? 'குறுகிய வேலை.' அவ்வளவுதான்! மனுஷன் ஆளக் குறைக்கறாங்கன்னே எடுத்துக்கிட்டாரு.

நேரா பெனசீர்கிட்ட போனாரு. பெனசீர் யாரு? ஜெர்மன் சட்டக் காகிதங்கள இங்கிலீஷ்ல எழுதித் தர்றவங்க.

"அம்மணி, ஆடிட்டர் இத இங்கிலீஷ்ல கேக்கறாருங்க. அங்க கம்பெனிய மூடறாங்கபோல... நானும் சாயங்காலமே பாதிப் பேர நிறுத்திப்போடறனுங்க."

பெனசீரும் அந்தத் தலைப்ப ஆட்குறைப்புன்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணிட்டாங்க. பண்ணிட்டு... நிறுத்திட்டாங்க. அவங்களுக்கு ஒரு பழக்கம். சட்டத்துல வர்ற வார்த்தையா இருந்தா, அது ஒரு மனுஷன என்ன பண்ணும்னு தெரியாம அனுப்ப மாட்டாங்க.

"ஐயா, கொஞ்சம் உக்காருங்க"ன்னு சொல்லிட்டு ஜெர்மனிக்கே போன் போட்டாங்க. அறிவிப்புல கையெழுத்துப் போட்ட பிரிகிட்டேங்கற அம்மாகிட்ட, அர்த்தம் என்னன்னு கேட்டாங்களா? இல்லீங்க!

"மேடம், திங்கக்கிழமை காலைல உங்க ஆளுங்க வேலைக்கு வருவாங்களா?"

"வருவாங்களே! கொஞ்ச நாளைக்கு வேலை நேரம்தான் கம்மி. குறையற சம்பளத்துல ஒரு பங்க அரசாங்கம் தரும். யாரையும் வீட்டுக்கு அனுப்பிடக் கூடாதுன்னுதானே இந்த ஏற்பாடே!"

"அப்ப எங்க ஊரு ஆர்டர்?"

"மெதுவா வரும்... நிக்காது."

கனகசபாபதி என்ன பண்ணாரு தெரியுமா? துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு அழுதாரு. அழுதுட்டு அப்படியே சிரிச்சாரு. "நல்லவேளை அம்மணி... ஆளுங்கள நிறுத்தச் சொல்லி மேஸ்திரிகிட்ட இன்னும் சொல்லலீங்க!"

ஏன் இதச் சொல்றேன்? நாமளும் மொழிபெயர்க்கறவங்கதான்! டாக்டர் உள்ள ஒண்ணு சொல்றாரு... வெளிய வந்து வீட்டுக்குப் போன் போட்டு நாம என்ன சொல்றோம்? மேனேஜர் ரூம்ல ஒண்ணு சொல்றாரு... கேண்டீனுக்கு வர்றப்போ அது என்ன ஆகுது? பயந்துக்கிட்டே கேட்டா எல்லாமே கெட்ட சேதியாத்தான் கேக்கும். அடுத்தவன் சோத்துல கை வைக்கற வார்த்தையா... வாங்கின கையோட கைமாத்தாதீங்க. ஒரு கேள்வி கேளுங்க. கேக்கறதுல என்னங்க வெக்கம்?

அன்னிக்குச் சாயங்கால ஷிப்டுக்குப் பட்டறை ஆளுங்க எல்லாரும் எப்பவும்போல வேலைக்குப் போனாங்க. தங்க வேலை போய்ட்டுத் திரும்பி வந்தது... அவங்க யாருக்கும் இன்னிக்கு வரைக்கும் தெரியாது!