பத்தாவது வீடு

மேலதிகாரி ஒருவர் நம் பேச்சுக்கு ஐந்து நிமிடம் காது கொடுப்பது விலைமதிப்பற்றது என்பார்கள். எங்கள் குடிநீர் அலுவலகத்தில் அதன் விலை ஒரு டீ, இரண்டு பிஸ்கட். விலையைக் கொடுத்தும் எனக்குச் சரக்கு வந்து சேரவில்லை, ஐயா.

என் வேலை வரைபடம் போடுவது. ஒரு கட்டுக் காகிதத்தில் ஒளிந்து கிடப்பதை வரைபடம் ஒரே பார்வையில் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ருசி பிடித்துப்போய், எந்தக் கடையில் வெங்காயம் மலிவு என்று வீட்டுக்குக்கூட ஒன்று வரைந்தேன். "இதை என் மூக்கே சொல்லுமே" என்றாள் மனைவி. அலுவலகத்தில் குழாய் உடைப்பு, புகார், வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் தெருவாரியாக வரைந்தேன். அதிகாரி திரையை எட்டிப் பார்த்து, "என்னப்பா, ஊருக்கே அம்மை போட்டுட்டியா? எங்கயாவது செவப்பா வந்தா கூப்பிடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வருடக்கணக்காக இதே கதை.

ஒரு தெருவில் பத்து வீட்டில் வயிற்றுப்போக்கு என்றால்தான் சிவப்பு. அதற்குக் கீழே மஞ்சள்.

ஒருநாள் குழாய் பழுதுபார்ப்பவர் வந்தார். என் தங்கை குடியிருக்கும் தெருவில் சாக்கடையை ஒட்டிக் குழாய் விரிசல் விட்டிருக்கிறது. எழுத்தில் கொடுத்தால் மறுநாளே அடைத்துவிடுவதாகச் சொன்னார். அப்போது அந்தத் தெருவில் நான்கு வீடு. வெளிர் மஞ்சள். அடைத்துவிட்டால் அதோடு போயிற்று. மறுபடியும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பார்க்கலாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

ஒன்பதில் வந்து நின்றபோது தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. பாப்பாவுக்குக் குடுக்கலாமா?"

"குடும்மா. ஒண்ணும் ஆகாது."

தெரு சிவந்தது. அதிகாரி தானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இவ்வளவு தெளிவா தெரியுதே, முன்னாடியே காட்டக் கூடாதா?" என்று கேட்டார். அந்த வாரமே புதுக் குழாய் இறங்கியது.

பத்து என்ற அளவை வைத்தது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். ஐந்தாக மாற்ற ஒரு நொடி போதும். ஆனால் நான் கடைத்தெருவில் வளர்ந்தவன், ஐயா. எடைக்கல்லில் கை வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

செலவில் ஒன்பது வீட்டு நோய், ஒரு குழந்தை. வரவில் தெரு முழுக்கப் புதுக் குழாய். இனி அங்கே யாரும் சாக்கடை குடிக்க வேண்டியதில்லை. எப்படிக் கூட்டினாலும் லாபம்தான். தங்கையின் பங்கை மட்டும் எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியவில்லை. அவள் என்னோடு பேசட்டும், கேட்டு எழுதிவிடுகிறேன்.