பாராட்டிய இடங்கள்

எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. தென்கொரியாவில் இந்த ஜொன்ஜு நகரத்துக் கலைக் கல்லூரியில் இருபது வருஷமாக ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு பிள்ளையையும் கடிந்து பேசியதில்லை. நீங்கள் மிரானைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாகச் சொன்னீர்கள். என் மனைவியாக இருந்தவள். அவளையும் நான் ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்லை. நான் அவளுக்குச் செய்தது அதுதான்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கடைசி வருஷக் கண்காட்சியில் அவள் ஒரே ஒரு படம் வைத்திருந்தாள். ஆள் உயரத் தாள். அடியில் ஒரு மூலையில் மையால் சின்னதாய் ஓர் ஓடம். மற்றதெல்லாம் வெறும் தாள். அந்த வெறும் தாளில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றால் குளிரெடுத்தது. எதிர்ச் சுவரில் என் படங்கள் ஒன்பது. அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

ஆறு மாதத்தில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். காதல் என்றார்கள். காதலும்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஓவியம் வரைகிறவளின் ஒவ்வொரு படத்தையும் முதலில் பார்க்கிறவன் அவள் புருஷன்தான்.

வழி தற்செயலாகத்தான் அகப்பட்டது. ஒரு பனிமலைப் படத்தில் சந்தேகத்தோடு ஒரு சிவப்புச் சூரியனை வைத்திருந்தாள். படத்திலேயே சொதப்பலான இடம் அது. "அந்தச் சூரியன்தான் படத்தையே தூக்கி நிறுத்துது" என்றேன். அடுத்த படத்தில் இரண்டு சூரியன் வந்தது.

அப்புறம் பொய் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. எதைப் பாராட்டுவது என்று தேர்ந்தெடுத்தால் போதும். கொக்கைப் பாராட்டினேன், கொக்குகள் கூட்டமாக வந்தன. பூவைப் பாராட்டினேன், பூத்துக் குலுங்கியது. தங்கத்தூளை நான் மெச்சிய வருஷம் வீட்டில் சோற்றிலும் மினுங்கியது. "இவ்வளவு இடம் காலியா இருக்கே, பரவாயில்லையா?" என்று எப்போதாவது கேட்பாள். நிரப்பினால் இன்னும் நிறைவாக இருக்கும் என்பேன். கடைசியில் அவள் படங்களில் கட்டைவிரல் வைக்க இடமில்லாமல் போனது. கல்யாண மண்டபத்தில் மாட்டினார்கள், பல் ஆஸ்பத்திரியில் மாட்டினார்கள். பல் வலிக்காரர்களின் தலைக்கு மேலே கொக்குகள் பறந்தன. அதே காலத்தில் நான் நூற்றிருபது பழைய ரைஸ் குக்கர்களை ஒரு கலைக்கூடத்தின் கூரையிலிருந்து தொங்கவிட்டேன். விருது கொடுத்தார்கள். துறைத் தலைவரும் ஆனேன்.

ஒரு சாயங்காலம் அவள் தூரிகைகளையெல்லாம் குப்பைப் பையில் போட்டுக் கட்டிவிட்டாள்.

"எனக்கு எப்பவுமே ஒண்ணும் வரலை போலிருக்கு. நீ பாசத்துல சொல்லிட்டிருக்கே."

நான் முளைப்பயறு சூப் வைத்து அவளைச் சாப்பிட வைத்தேன். தூரிகைகளை எடுத்து ஒவ்வொன்றாக அலசி, உலர்த்தி, மேசையில் திரும்ப அடுக்கினேன். அவள் நிறுத்திவிட்டால் நான் யாரைப் பாராட்டுவது? அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

என்னைக் கவிழ்த்தது என் நேர்மை. மாணவர்களிடம் என்னால் பொய் சொல்ல முடியாது. மார்ச்சில் புது வகுப்பு தொடங்கும்போதெல்லாம் முதல் பாடம் அந்த ஓடப் படம்தான், முழுசாக மூன்று மணி நேரம். என் மாணவி பியோ ஹாவுன் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அங்கே மிரான் புதுக் கொக்குப் படம் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தாளாம்.

"மேடம், அந்த ஓடம் நீங்க வரைஞ்சதுதானே? வெறும் இடத்தை இப்படி விடத் தெரிஞ்சவங்க நாட்டிலேயே வேற யாரும் இல்லேன்னு சார் வருஷா வருஷம் சொல்வாரே."

இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. அன்று மிரான் எப்போதும்போல வீட்டுக்கு வந்தாள். சீமைப்பனிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பின் ஒன்றரை வருஷம், முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு என்னிடம் கேட்டாள். தினமும் சாயங்காலம் டீயோடு வந்து நிற்பாள். "எது நல்லா இருக்கு, சரியா காட்டு." நான் காட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டிலேயே இப்படி ஒரு நல்ல மாணவி.

போன இலையுதிர் காலத்தில் தலைநகர் சியோலில் அவளுக்குக் கண்காட்சி. நான் பார்த்த பழைய படங்கள் இருபத்திரண்டு. அத்தனையையும் புதுத் தாளில் மறுபடி வரைந்திருந்தாள். நான் பாராட்டிய சூரியன் இல்லை, கொக்கு இல்லை, பூ இல்லை. நான் விரல் வைத்துக் காட்டிய இடமெல்லாம் வெறும் தாள். கூடம் முழுக்கக் குளிரெடுத்தது. வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

மிரான் என் பக்கத்தில் வந்து நின்றாள். "எப்படி இருக்கு?"

நான் அந்த வெறும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேண்டாம், சொல்லாதே" என்றாள். "நீ பேசாம நிக்கிறதிலேயே தெரியுது."

மறுவாரமே பெட்டியோடு தோங்யோங் கடற்கரைக்குக் குடிபோய்விட்டாள்.

தெரிந்தேதான் செய்தேனா என்று கேட்கிறீர்கள். ஆமாம். இருபது வருஷமும், ஒவ்வொரு படத்திலும், தெரிந்தேதான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அவளுடைய புதுப் படங்கள் பத்திரிகையில் வரும்போதெல்லாம் நான் போன் செய்கிறேன். எடுக்கிறாள். எது எது நன்றாக வந்திருக்கிறது என்று அரை மணி நேரம் விளக்குகிறேன். மறுமுனையில் அலைச் சத்தம் மட்டும் கேட்கும். குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டாள், மூச்சுகூடக் கேட்காது. அவ்வளவு கவனமாக என் பேச்சைக் கேட்ட மாணவி எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.